மருந்தா, உப்புத்தண்ணியா

மூக்கில் அடிக்கும் ஃப்ளூ தடுப்பு மருந்தைச் சோதிக்கும் ஆய்வில், கொல்லிமலையில் நர்ஸாக இருந்தேன். மருந்து உடம்புக்கு ஒத்துக்கொள்கிறதா, ரத்தத்தில் எதிர்ப்பு சக்தி கூடுகிறதா என்று பார்க்க வேண்டும். சிலருக்கு மருந்து, சிலருக்கு வெறும் உப்புத்தண்ணீர். யாருக்கு எது என்று எங்களுக்கே தெரியாது. இதையெல்லாம் விளக்கிச் சொல்லித்தான் சம்மதம் வாங்கினோம்.

மலையில் திண்ணனூர் நாடு என்ற ஊர்ப்பகுதியிலிருந்து ஓர் இளம்பெண் மாமியாரோடு வந்திருந்தாள். மூச்சிரைப்பு உண்டா என்று கேட்டேன்; இருந்தால் இந்த மருந்தை அடிக்கக் கூடாது. இல்லை என்றாள். மூக்கில் அடித்த பிறகு அரைமணி நேரம் உட்கார வைத்து அனுப்பினோம்.

மறுநாள் சாயங்காலம் அவள் புருஷன் போன் செய்தார். “சிஸ்டர், இவளுக்கு மூச்சு இழுக்குதுங்க. பேச்சே வரலீங்க.”

உடனே ஜீப்பில் கிளம்பினோம். மழையோடு மூடுபனி. டிரைவர் ஜன்னலுக்கு வெளியே தலையை நீட்டி ரோட்டைப் பார்த்துப் பார்த்து ஓட்டினார். ஜீப் போகும் கடைசி இடத்தில், அவளை நாற்காலியில் வைத்துத் தூக்கிக்கொண்டு வந்து நின்றார்கள். ஒவ்வொரு மூச்சுக்கும் தொண்டைக்குழி உள்வாங்கியது. உதட்டில் நீலம். கையிலிருந்த இன்ஹேலரை அவள் வாயில் வைத்து அழுத்தினேன்.

“ஏனுங்க, இவளுக்கு அடிச்சது மருந்தா, உப்புத்தண்ணியா?” என்றார் புருஷன்.

“எனக்குத் தெரியாதுங்க.”

“அடிச்சது நீங்கதானுங்களே! தெரியாதுன்னா எப்படிங்க?”

ஜீப்பில் வரும் வழியெல்லாம் அவர் என் முகத்தையே பார்த்துக்கொண்டிருந்தார். நான் அவள் நாடியை விடவில்லை.

ஆஸ்பத்திரியில் டாக்டர் ஆக்சிஜனோடு காத்திருந்தார். வெகுநேரம் கழித்து மூச்சு கொஞ்சம் சீரானது. புருஷன் டீ வாங்கப் போனபோது அவள் என் கையைப் பிடித்தாள்.

“சின்ன வயசுல இழுப்பு இருந்துச்சுங்க. இவங்க ஊட்டுல தெரியாது. நீங்க கேட்டப்ப அத்தை பக்கத்துல இருந்தாங்க. சொல்லிராதீங்க சிஸ்டர்.”

“டாக்டருக்குச் சொல்லியே ஆகணும் கண்ணு. உங்க ஊட்டுல நான் சொல்ல மாட்டேன்.”

புருஷன் வந்ததும் மறுபடி கேட்டார். “எதனாலங்க இப்படி ஆச்சு?”

அவளே மாஸ்கை விலக்கிச் சொல்லிவிட்டாள். அவர் டீயைக் கீழே வைத்தார்.

“தலகாணியை உசத்தி வெச்சுப் படுக்கறது இதுக்குத்தானா?”

அவள் தலையாட்டினாள். அவர் மாஸ்கை எடுத்து அவள் முகத்தில் வைத்தார்.

டாக்டர் ஆய்வின் மேலிடத்தில் அனுமதி வாங்கி, அவளுக்கு அடித்தது எது என்று கேட்டார். அவளுக்குப் போனது மருந்துதான். புருஷனிடம் அதை அவரே சொன்னார். அதன்பின் நாங்கள் யாரிடம் கேட்டாலும், கூட வந்தவர்களை வெளியே உட்கார வைத்துவிட்டுத் தனியாகத்தான் கேட்டோம்.

அடுத்த ரத்தப் பரிசோதனைக்கு அவள் வரமாட்டாள் என்றே நினைத்தேன். புருஷனோடு வந்தாள்.

“அத்தை இன்னும் எங்கிட்ட பேசறதில்லீங்க” என்று சொல்லிவிட்டுக் கையை நீட்டினாள்.