அழாத குழாய்

குழாய் அழும்வரை அதை வதைப்பதுதான் என் வேலை. திண்டிவனம் பக்கம், ஃபைபர் இழையைப் பிசினில் நனைத்துச் சுற்றிக் குழாய் செய்யும் தொழிற்சாலை. ஒரு குழாய்த் துண்டில் தண்ணீர் நிரப்பி, அழுத்தத்தை ஏற்றி இறக்கி, ஏற்றி இறக்கி, வெளிச்சுவரில் முதல் துளி கசியும்வரை காத்திருப்பேன். அதைத்தான் நாங்கள் அழுகை என்போம். கைக்குழந்தையை வீட்டில் விட்டுவிட்டு வேலைக்கு வருகிறவர்களே, அழுகையைப் பற்றி உங்களுக்கு நான் சொல்ல வேண்டியதில்லை.

கண்மை

குழாய் சீக்கிரம் களைத்துப்போகாமல் இருக்க, பிசினில் கலக்க நானோ கார்பன் தூள் வந்தது. நுண்ணிய விரிசலைத் தொடக்கத்திலேயே தடுத்துவிடுமாம். கன்னங்கரேலென்று, ஊதினால் பறந்துவிடும். கலவை போடும் ஏழுமலை அண்ணன் அதற்குக் கண்மை என்று பெயர் வைத்தார். டப்பாவில் இருந்த எச்சரிக்கையைப் படித்ததும் எனக்கு எட்டு மாத மகள்தான் நினைவுக்கு வந்தாள். "மூச்சுல போகக்கூடாதாம் அண்ணா, மாஸ்க் போடுங்க, ப்ளீஸ்" என்றேன். கான்வென்ட் பழக்கம், ப்ளீஸ் தானாக வந்துவிடும். அவர் துண்டை மூக்கில் சுற்றிக்கொண்டார்.

"டீச்சரம்மா, அந்த ப்ளீஸ தூளுகிட்ட சொல்லுங்க, எங்கிட்ட எதுக்கு?"

கட்டி

தூள் போட்ட முதல் குழாய், போடாத குழாய்க்கும் முன்னாலேயே அழுதுவிட்டது. வெட்டிப் பார்த்தால் உள்ளே தூள் கட்டி கட்டியாக நிற்கிறது. கட்டி இருந்த இடத்தில்தான் விரிசலே தொடங்கியிருந்தது. நான் படித்த படிப்பெல்லாம் முழித்தது. ஏழுமலை அண்ணன் எட்டிப் பார்த்தார்.

"கேப்பை மாவ கொதிக்கிற ஒலையில மொத்தமா கொட்டினா கட்டி தட்டாம இன்னா பண்ணும்? மொதல்ல கொஞ்சத்துல கரைங்க!"

கல்நெஞ்சு

கொஞ்சம் பிசினில் கரைத்து, அதைக் கொண்டுபோய் மொத்தத்தில் கலந்தோம். குழாய் அழவே இல்லை. அதனால் இனி ஒவ்வொரு கலவைக்கும் நான் பக்கத்தில் நிற்க வேண்டும் என்று ஆனது. முகக்கவசம் மூக்கைக் காக்கும், தலைமுடியை, துப்பட்டாவை? குழாய் வாங்க வந்தவருக்கோ ஒரே சந்தோஷம்.

"இன்னாம்மா, இவ்ளோ அடிச்சும் அழல? கல்நெஞ்சுக் குழாயா சுத்தி வச்சிக்கிறீங்களே!"

பொட்டு

தினமும் விழுப்புரம் வீட்டுக்கு வந்ததும் குளித்துவிட்டுத்தான் மகளைத் தூக்குவேன். அன்று பஸ் தாமதம். தெருமுனையிலேயே அவள் கதறல் கேட்டது. அப்படியே தூக்கிவிட்டேன். என் துப்பட்டா நுனியைச் சப்பிக்கொண்டே அடங்கினாள். குழந்தைக்கு மை கூடாது, திருஷ்டிப் பொட்டு வைக்காதீர்கள் என்று மாமியாரிடம் எத்தனையோ நாள் வாதாடியிருக்கிறேன். அவர் வந்து பேத்தியின் கன்னத்தில் ஒட்டியிருந்த கறுப்பைப் பார்த்தார். முகம் மலர்ந்துவிட்டது.

"இன்னிக்குத்தாம்மா ஒனக்கு புத்தி வந்து பொட்டு வச்சிக்கிற, இனிமே புள்ளைக்கு ஒண்ணும் வராது."

குழாய் எப்போது அழும் என்று கணக்காகச் சொல்லிவிடும் நான், மகள் ஒருமுறை இருமினால் அது சளியா கண்மையா என்று தெரியாமல் விடியும்வரை அவள் மூச்சை எண்ணிக்கொண்டு உட்கார்ந்திருக்கிறேன்.