செம்பருத்தியை வெட்டச் சொன்னது நான்தான்

நான் சொன்ன ஒரு யோசனையை ஒரு நிறுவனம் மூன்றே மாதத்தில் நிறைவேற்றிவிட்டது. வாழ்நாளில் இதுவே முதல்முறை. பெருமைப்படத்தான் வேண்டும்... கடந்த ஞாயிறன்று அதைக் கண்ணால் பார்த்த பிறகு, யோசனை சொல்லும் பழக்கத்தையே விட்டுவிடலாமா என்றிருக்கிறது.

சாந்தன்பாறைப் பக்கம் ஒரு ஜீப் சுற்றுலா நடக்கிறது. நூறு ஆண்டுகளுக்கு முன் அங்கே ஏலத்தோட்டம் போட்ட வெள்ளைக்காரத் துரை ஒருவர் ஓவியரும்கூட. அவர் எங்கெங்கே நின்று மலைகளை வரைந்தாரோ, அங்கெல்லாம் ஜீப் நிற்கும். ஓவியத்தின் நகல் ஓர் இரும்புச் சட்டத்தில் இருக்கும். படத்தைப் பார்க்கலாம், மலையைப் பார்க்கலாம், ஒப்பிட்டு வியக்கலாம். ஏழு படங்களில் ஒரு மலையின் வரலாறு — விளம்பரம் அப்படித்தான் சொல்கிறது.

முதல்முறை போனபோது உடன் வந்தவர்களில் முதலமடை மாந்தோப்புக்காரர் ஒருவர். மூன்றாவது இடத்திலேயே அலுத்துவிட்டார்.

"ஏனுங்க, எங்கூர்ப் பக்கம் ஒரு தொர வந்து நாலு மாமரத்த வரஞ்சு வெச்சிருந்தா, நாங்களும் டிக்கெட் போட்டிருப்போமுங்கல்ல?"

எல்லோரும் சிரித்தோம். நான்காவது இடத்தில் எனக்குச் சிரிப்பு போய்விட்டது. படத்தில் வெறும் புல்சரிவு. பார்வை தடையின்றிப் பள்ளத்தாக்கு வரை ஓடுகிறது. நேரிலோ, சரிவு முழுக்க ஆளுயரச் செம்பருத்திப் புதர்கள். பொறுப்புள்ள பயணி என்ன செய்வார்? கருத்துப் படிவத்தில் எழுதுவார். எழுதினேன் — புதர்களை அகற்றினால் ஓவியர் கண்ட காட்சியை அப்படியே காணலாம் என்று.

கடந்த ஞாயிறு ஒரு தோழியை அழைத்துக்கொண்டு போனேன். அதே ஜீப். அதே ஓட்டுநர் முருகேசன் — நாற்பது வயதிருக்கும், அந்தத் தோட்டத்தின் தொழிலாளர் வரிசை வீடுகளில் பிறந்து வளர்ந்தவர். நான்காவது இடத்தில் ஒரு புதர்கூட இல்லை. மண்ணை நிரவிப் புல் பதித்திருந்தார்கள். படமும் மலையும் அச்சு அசல் ஒன்றாக இருந்தன.

"நான் எழுதித்தான் வெட்டினார்கள்," என்று தோழியிடம் சற்று உரக்கவே சொன்னேன்.

முருகேசன் திரும்பினார். "நீங்கதானாக்கா அது? யாரோ படிச்சவங்க எழுதிக் குடுத்திருக்காங்கன்னு மேனேஜர் சொன்னாரு."

"ஏன், நல்லாத்தானே இருக்கு?"

"நல்லாத்தான் இருக்கு. எங்கப்பா அங்கனதான் கெடக்காரு. எந்த எடம்னுதான் இப்பத் தெரியல."

கோபித்திருந்தால் மன்னிப்பாவது கேட்டிருக்கலாம்.

பிறகு அவர் விளக்கித்தான் தெரிந்தது: தொழிலாளருக்குக் கல்லறை கட்டத் தோட்ட நிர்வாகம் என்றைக்கும் அனுமதித்ததில்லை. ஒரு கல்கூட நடக் கூடாது. ஆகவே, இறந்தவரின் வீட்டு வாசலில் நிற்கும் செம்பருத்தியில் ஒரு கிளையை ஒடித்து, புதைத்த இடத்தில் நட்டுவிடுவார்கள். ஆடி அமாவாசையன்று அதற்குத் தண்ணீர் ஊற்றுவார்கள். எந்தச் செடி யாருடையது என்று ஒவ்வொரு வீட்டுக்கும் தெரியும். நான் புதர் என்று எழுதியது இதைத்தான்.

"வெட்டும்போது நீங்க ஒண்ணும் சொல்லலையா?"

"சொன்னேன்க்கா. 'நீ வண்டி ஓட்ட வந்தியா, வழக்கு நடத்த வந்தியா'ன்னு மேனேஜர் கேட்டாரு."

ஜீப்பைக் கிளப்பிக்கொண்டே அவரே சொன்னார்: "அமாவாசைக்குள்ள ஒரே ஒரு கம்பு நட்டுக்கிறேன், குத்துமதிப்பா. அம்மா தண்ணி ஊத்த ஒரு எடம் வேணும்ல? நீங்க எழுதுனா வெட்டுறாங்க. நீங்க கேட்டா நட விடுவாங்களோ என்னவோ."

அன்று மாலையே சுற்றுலா மேலாளரைச் சந்தித்தேன். பணிவானவர். என் படிவத்துக்கு நன்றிகூடச் சொன்னார். ஒரே ஒரு செடி என்றேன்.

"ஒண்ணுக்கு விட்டா எல்லா வீட்டுக்காரங்களும் வருவாங்க மேடம். வியூ போயிடும்."

அன்று ஒருவர் மலையைப் பார்த்துப் படம் வரைந்தார். இன்று படத்தைப் பார்த்து மலையைத் திருத்துகிறார்கள். அதற்கு வரலாறு என்று பெயர்... அதற்கு நானும் ஒரு வரி எழுதிக் கொடுத்திருக்கிறேன்.

"அது இடுகாடுங்க," என்றேன்.

மேசையிலிருந்த ஓவிய நகலை என் பக்கம் திருப்பி வைத்தார். "துரை வரைஞ்சதுல அப்படி ஒண்ணும் இல்லையே மேடம்."

இல்லைதான். துரை வரைந்துகொண்டிருந்தபோது முருகேசனின் முன்னோர்கள் உயிரோடு, அதே சரிவின் அடியில் காடு திருத்தி ஏலம் நட்டுக்கொண்டிருந்தார்கள். அவர்களையும் அவர் வரையவில்லை.