பிடுங்கப்பட்ட பாதை

2024 மார்ச் 12, செவ்வாய். 5.20க்கு எழுந்தேன். பால் வாங்கி வைத்துவிட்டு, 6.15 பஸ்ஸில் பெரிய மார்க்கெட் போய் வஞ்சிரம் இரண்டு துண்டு வாங்கினேன். அண்ணனுக்கு முள் ஆகாது. 8.40க்கு உழவர்கரையில் அவர் வீடு.

அண்ணன் சரித்திர வாத்தியார். ஓய்வு பெற்றபின் ஒன்பது வருஷமாக, சீனாவுக்கு ரயில் வந்த கதையைப் புத்தகமாக்கக் குறிப்பெடுத்தார். போன ஐப்பசியில் வந்த பக்கவாதம் வலது கையை முடக்கியது. இன்னொரு முறை வந்தால் பேச்சும் போகும் என்று டாக்டர் எச்சரித்திருந்தார். அதனால் தினமும் ஒன்பது மணிக்கு அவர் சொல்வார், நான் எழுதுவேன். ரஃப் நோட்டில் பென்சிலால். சரிபார்த்த பிறகே பெரிய நோட்டில் பேனாவால். அந்த முறை என்னுடையது.

"வாய்யா ஆடிட்டரு. இன்னிக்கி எத்தினி தப்பு புடிக்கப் போற?" என்றார் அண்ணன்.

"உங்க தம்பி பென்சில் சீவி முடிக்கவே மணி பத்தாயிடும்" என்றார் அண்ணி.

அன்று கடைசி அத்தியாயம். ஷாங்காயிலிருந்து ஊசுங் துறைமுகம் வரை சாலை போடுவதாகச் சொல்லி நிலம் வாங்கிய ஆங்கிலேயர்கள், அனுமதியில்லாமல் ரயில் விட்டார்கள். சீன அதிகாரிகள் அதை விலைக்கு வாங்கினார்கள். வாங்கி, பிடுங்கிப் போட்டார்கள். தண்டவாளங்கள் கப்பலேறித் தைவான் போயின. இதைப் படிக்கிறவர்கள் சிரிப்பார்கள். அந்தச் சிரிப்புக்குப் பதில் சொல்லத்தான் அண்ணன் புத்தகமே எழுதினார். அந்தப் பதில் குறிப்புகளில் இல்லை. கடைசியில் சொல்வதற்கென்று மனசிலேயே வைத்திருந்தார்.

"புடுங்கினவன் முட்டாள் இல்லடா. எழுதிக்கோ. ஏன்னா..."

"இருங்கண்ணே. புடுங்கின வருஷம் ஆயிரத்து எண்ணூத்தி எழுபத்தாறா, எழுபத்தேழா?"

நிறுத்தினார். நோய் வந்ததிலிருந்து எண்கள் அவருக்குத் தடுமாறும். அது எனக்குத் தெரியும். தெரிந்தும் கேட்டேன். இடது கை விரல்களை மடக்கினார், விரித்தார். நெற்றி வியர்த்தது. "எழுபத்தி... எழுபத்தி..." பென்சிலைப் பிடித்தபடி காத்திருந்தேன். கால் மணி நேரம் போனது. 'வருஷம் கிடக்கட்டும், மேலே சொல்லுங்கள்' என்று ஒரு வார்த்தை என் வாயில் வரவில்லை.

"போடா. சாப்ட்டு சொல்றேன்" என்றார் கடைசியில்.

"மீன் வாசனை வந்தா வாத்தியாருக்குப் பாடம் மறந்துடும்" என்றார் அண்ணி. மூவரும் சிரித்தோம்.

1.10க்கு அண்ணி சோறு ஊட்டும்போது அவர் வாய் கோணியது. கவளம் மார்பில் விழுந்தது. 1.50க்கு ஆஸ்பத்திரி. ஐந்து மணிக்கு டாக்டர் வெளியே வந்தார். உயிருக்குப் பயமில்லை, பேச்சு திரும்பாது என்றார். உள்ளே போனேன். அண்ணன் என்னைப் பார்த்து உதட்டை அசைத்தார். காற்றுதான் வந்தது. மறுபடி அசைத்தார். இடது கையில் பென்சிலைக் கொடுத்தேன். அது என்ன பொருள் என்பதே தெரியாதவர் போலப் பார்த்தார். கீழே விழுந்ததை நான் எடுக்கவில்லை.

மறுநாள் காலை, பாலுக்குப் போகும் முன் பெரிய நோட்டை எடுத்தேன். வருஷத்தையாவது சரிபார்க்கலாம் என்று புரட்டினேன். பதினான்காம் பக்கத்தில் இருந்தது: 1877. பேனாவில், என் கையெழுத்தில், போன மார்கழியிலேயே நான் சரிபார்த்து எழுதியது. கடைசிப் பக்கத்துக்குப் போய், சரிபார்க்காமல், பேனாவால் எழுதினேன்: பிடுங்கியவர்கள் முட்டாள்கள் அல்லர். ஏனென்றால்