முதலில் தலைவருக்கு

என் மகள் கலாராணி கணினிப் பேராசிரியர். ஸ்பிரிங்வெளி தேயிலைத் தோட்டத்து லயத்தில் பிறந்து பதுளையில் படித்தவள். கணினிகளை ஒன்றோடொன்று இணைக்கும் படிப்புக்கு எங்கள் தோட்டத்திலிருந்து போன முதல் ஆள். அவளுக்குப் பாராட்டு மலர் போடுகிறார்களாம், தாயும் நாலு வார்த்தை சொல்ல வேண்டுமாம். எனக்கு எழுத்துத் தெரியாது. நான் சொல்லச் சொல்ல ஒன்றையும் விடாமல் எழுதிக்கொள்ளுங்கள்.

எங்களுடையது எட்டுக் காம்பரா லயம்; ஒரே கூரைக்குக் கீழே சுவரோடு சுவராக எட்டு வீடு. சேதி போக வேண்டுமென்றால் சுவரைத் தட்டுவோம். அடுத்த காம்பரா அதற்கடுத்ததைத் தட்டும். நடுவில் ஒன்று பூட்டியிருந்தால் சேதி அங்கேயே நின்றுவிடும். சின்ன வயதில் கலா பின்பக்கமாக ஓடி, மறுகோடியிலிருந்து தட்டிக்கொண்டு வருவாள். சேதிக்கு ஒரே வழியை நம்பக்கூடாது என்று சொல்லி, இந்தக் கதையைத்தான் மாணவர்களுக்கு முதல் வகுப்பில் சொல்வாளாம்.

மூன்று வருடத்துக்கு முன் மேல்மலையில் மழை அளக்கும் கருவிகளை நட்டாள். மண் சரியும் அளவுக்குப் பெய்தால் எல்லா வீட்டுப் போனும் ஒன்றாக அலறும்படி புரோகிராமும் அவளே எழுதினாள்.

நான்தான் மறித்தேன்.

“தலைவருக்குச் சொல்லாம எல்லாருக்குமா? சாவோ சடங்கோ, மொதச் சேதி தோட்டத் தலைவருக்குத்தான்டி போகணும்.”

“மழை தலைவரக் கேட்டுட்டா பெய்யுது?”

“படிச்ச திமிரு! நீ நாளைக்கே கொழும்புக்குப் போயிருவ. இங்க அவங்க மூஞ்சில முழிக்கிறது நானு.”

தலைவர் கிருஷ்ணராஜ் நல்ல மனிதர். முதலில் தனக்குச் சொல்லச் சொல்லி அவர் கேட்கவேயில்லை. நான் இரண்டு நாள் மகளோடு பேசவில்லை, அவள் கையால் தேத்தண்ணிகூட வாங்கவில்லை. மூன்றாம் நாள் மாற்றி எழுதினாள். எச்சரிக்கை முதலில் தலைவர் போனுக்கு மட்டும் வரும். அவர் அழுத்தினால்தான் மற்றவர்களுக்குப் போகும்.

“இது தப்பும்மா. என் வகுப்புப் புள்ளைங்க இப்பிடி எழுதினா முட்டை போடுவேன்.”

நான் சிரித்தேன்.

போன கார்த்திகையில் அடைமழை. பகல் இரண்டு மணிக்குத் தலைவர் தெமோதரையில் பஸ் இல்லாமல் நின்றிருந்தார். அவர் போனில் சார்ஜ் இல்லை. எங்கள் போன்கள் அடுப்படியில் சும்மா கிடந்தன. கருவி கத்தவில்லையே என்று நாங்களும் வெளியே போகவில்லை. மண் இறங்கி, ஏழாம் காம்பராவை மூடியது. உள்ளே இருந்த குணமணி, என்னோடு நாற்பது வருடம் கொழுந்தெடுத்தவள், போய்விட்டாள்.

விசாரணையில், “ஏன் இப்படி எழுதினீங்க?” என்று கேட்டார்கள்.

“எழுதினது நான். பொறுப்பும் என்னோடது,” என்றாள் கலா.

பக்கத்தில்தான் உட்கார்ந்திருந்தேன். வாய் திறக்கவில்லை.

இப்போது எல்லாப் போனும் ஒன்றாக அலறும்படி மாற்றிவிட்டாள். வகுப்பில் சுவர்க் கதையைச் சொல்வதை விட்டுவிட்டாளாம். நேற்றுப் போனில், “சின்ன வயசுல கெட்டிக்காரின்னு மட்டும் சொல்லிட்டு விடும்மா,” என்றாள்.

“நீ சும்மா இரு,” என்றேன்.

எழுதுங்கள்: மாற்றச் சொன்னது நான். மலர் அச்சாகி வந்ததும் ஒரு புத்தகத்தைக் குணமணி மகள் கேசினிக்குக் கொடுங்கள். அவள் இன்னும் கலாவோடு பேசுவதில்லை. பேசாமல் இருக்க வேண்டியது என்னோடு. அவளுக்கு வாசிக்கத் தெரியும்.