மிதித்தால் எரியும் விளக்கு

நம்புகிறவர்கள் நம்பலாம். நம்பாதவர்கள் இதோடு நிறுத்திக்கொண்டு வேறு வேலையைப் பார்க்கலாம், எனக்கு வருத்தமில்லை. இது என் தங்கை வீட்டில் நிஜமாக நடந்தது. எனக்குச் சொன்னவர் அவள் கணவர், எங்கள் மாப்பிள்ளை. டவுன் பஸ் டிரைவர். இட்டுக்கட்டிச் சொல்லும் அளவுக்கு அவருக்குக் கற்பனை கிடையாது. சினிமாவுக்குப் போய்விட்டு வந்தவரிடம் கதை கேட்டால்கூட, "நல்லா இருந்துச்சு" என்பதோடு முடித்துவிடுவார். அப்படிப்பட்ட மனிதர் இதைச் சொல்லி முடிக்கும்வரை என் கையை விடவில்லை.

குழந்தைக்கு நான்கு மாதம் ஆனபோது அவர்கள் வேறு வாடகை வீட்டுக்கு மாறினார்கள். மூன்றாவது மாடி. வாசல் கதவைத் திறந்தால் ஹால். ஹாலைத் தாண்டினால் ஒரு சின்ன நடை. நடையின் இடது பக்கம் சமையலறை, கடைசியில் படுக்கையறை. வீட்டில் ஒரு குறையும் இல்லை, மேலே தொங்கிய டியூப்லைட்டைத் தவிர. பாப்பாவை மல்லாக்கப் படுக்க வைத்தால் வெளிச்சம் நேராகக் கண்ணில் அடிக்கும். வீல் என்று கத்துவாள். அணைத்தால் இருட்டு. அதற்கும் கத்துவாள்.

தங்கைக்கு ஆஸ்பத்திரி லேபில் வேலை. பிரசவ லீவு முடிந்து மதிய ஷிஃப்டுக்குப் போக ஆரம்பித்திருந்தாள். மாப்பிள்ளைக்கு விடிகாலை டூட்டி. இவர் வருவார், அவள் கிளம்புவாள், வாசலிலேயே குழந்தை கை மாறும். ஆக, சாயங்காலக் கத்தல் முழுவதும் மாப்பிள்ளை தலையில்தான் விடிந்தது. கண்ணில் அடிக்காத ஒரு ஸ்டாண்ட் லைட் வாங்கிவிடலாம் என்று இரண்டு பேரும் முடிவு செய்தார்கள்.

கடையில் என் தங்கை படுத்திய பாடு கொஞ்சநஞ்சமல்ல. மூன்று கால் வைத்த விளக்கு அழகாக இருந்தது. நாளைக்குத் தவழ்கிற குழந்தை இழுத்துத் தலையில் போட்டுக்கொள்ளும் என்றாள். கண்ணாடி மூடி வேண்டாம், உடையும். கடைக்காரர் இவர்களை ஒரு ஸ்டூலில் உட்கார வைத்து, உட்கார்ந்தால் பல்பு கண்ணுக்குத் தெரியக்கூடாது, அதுதான் சரியான உயரம் என்று சொல்லிக் கொடுத்தார். கடைசியில் ஒன்று தேறியது. துணி மூடி. அடியில் கனமான இரும்புத் தட்டு. அதன் ஸ்விட்ச் விளக்கில் இல்லை, வயரின் நடுவில் இருந்தது. உள்ளங்கை அகலத்துக்கு ஒரு கறுப்புப் பொத்தான். தரையில் கிடக்கும். காலால் மிதித்தால் எரியும், மறுபடி மிதித்தால் அணையும். இரண்டு கையிலும் குழந்தை இருந்தாலும் விளக்கைப் போடலாம் என்றதும் தங்கை அதைவிட்டு நகரவில்லை.

எங்கே வைப்பது என்பதில் அடுத்த சண்டை. பால் கொடுக்க உட்காரும் ஜன்னலோர நாற்காலிக்குப் பக்கத்தில் என்றாள் அவள். வாசல் கதவுக்குப் பக்கத்தில் என்றார் இவர். முதல் சுற்றில் மாப்பிள்ளை ஜெயித்தார். விளக்கு வாசலில் நின்றது.

மறுநாள் சாயங்காலம். பாப்பா படுக்கையறைத் தொட்டிலில் தூங்குகிறாள். மாப்பிள்ளை ஹாலில் துணி மடித்துக்கொண்டிருக்கிறார். வெளியே இருட்டத் தொடங்கியிருந்தது.

"டக்."

விளக்கு எரிந்தது.

அவர் கடிகாரத்தைப் பார்த்தார். எதற்கெடுத்தாலும் கடிகாரத்தைப் பார்ப்பது டிரைவர் புத்தி. 6:40. லூஸ் கனெக்‌ஷன் என்று நினைத்து, எழுந்துபோய் மிதித்து அணைத்தார். மறுநாளும் அதே 6:40. அதே டக். அவருக்கு எரிச்சல்தான் வந்தது. அடுத்த நாள் மதியமே விளக்கைத் தூக்கிக்கொண்டு கடைக்குப் போனார்.

கடைக்காரர் ஸ்விட்சைத் திருப்பித் திருப்பிப் பார்த்தார். "இதுல ஒண்ணும் இல்ல சார். குழந்தைங்க அமுக்கக்கூடாதுன்னு ஸ்பிரிங்கை டைட்டா வெச்சிருக்காங்க. ஒரு ஆள் வெயிட் விழுந்தாதான் எரியும்" என்றார். ஆனாலும் புது ஸ்விட்ச் மாற்றிக் கொடுத்தார்.

வீட்டுக்கு வந்த மாப்பிள்ளை விளக்கை வாசலில் வைக்கவில்லை. நாற்காலிக்குப் பக்கத்தில் வைத்தார். அன்று 6:40 ஆயிற்று. ஒன்றுமில்லை. அப்பாடா என்று சாய்ந்து உட்கார்ந்தார்.

6:43. டக்.

இரவு வேலை முடிந்து வந்த தங்கை, விளக்கு தான் சொன்ன இடத்தில் நிற்பதைப் பார்த்துப் பூரித்துப்போனாள். இவர் வாயைத் திறக்கவில்லை. அரை மனசோடு வேலைக்குப் போய்க்கொண்டிருக்கிறாள், இதைச் சொன்னால் வேலையை விட்டுவிட்டுக் குழந்தையோடு உட்கார்ந்துவிடுவாள் என்று பயம். அன்று அவருக்குத் தூக்கம் வரவில்லை. பஸ் ஓட்டுகிறவர் மூளை பஸ் ஓட்டுகிற மாதிரிதான் யோசிக்கும். வாசல் 6:40. நாற்காலி 6:43. இது பழுது இல்லை. இது ரூட். வாசலில் ஏறிய ஒன்று வீட்டுக்குள்ளே போய்க்கொண்டிருக்கிறது. அடுத்த ஸ்டாப் எது?

மறுநாள் சமையலறை நிலைப்படியில் விளக்கை வைத்தார். ஏழு மணி ஆயிற்று, எட்டு ஆயிற்று, எரியவே இல்லை. சந்தோஷப்பட்டார். பிறகுதான் உறைத்தது. சமையலறைக்குப் போகவில்லை என்றால், நடையில் மிச்சமிருப்பது ஒரே அறை.

அதற்கு அடுத்த நாள் படுக்கையறை வாசலில் வைத்தார். ஸ்விட்சை நட்டநடுவில் போட்டார். உள்ளே பாப்பா தூங்கிக்கொண்டிருந்தாள். இவர் ஹாலில் நின்று, மூச்சைப் பிடித்துக்கொண்டு பார்த்தார். 6:40... 6:43...

6:46. டக்.

நடை முழுக்க மஞ்சள் வெளிச்சம். அங்கே யாரும் இல்லை.

உள்ளே பாப்பா சிரித்தாள்.

ஓடிப்போய்க் குழந்தையை வாரி எடுத்தார். தொட்டிலில் வேறு ஒன்றும் இல்லை. பாப்பா அவர் தோளுக்குப் பின்னால் எதையோ பார்த்து இன்னும் சிரித்துக்கொண்டிருந்தாள். வாசலிலிருந்து அந்த அறைக்குப் பத்து எட்டுகூட இருக்காது. அதற்கு ஆறு நிமிஷம் எடுத்துக்கொண்டு வருகிறது. அப்படி என்ன மெதுவான நடை அது?

அன்றிலிருந்து ஆறு மணிக்கே குழந்தையைத் தள்ளுவண்டியில் வைத்துப் பூங்காவுக்குப் போய்விடுவார். எட்டு மணிக்குத்தான் திரும்புவார். காற்று வாங்கினால் பாப்பா நன்றாகத் தூங்குகிறாள் என்று தங்கையிடம் சொல்லி வைத்தார். ஒரு வாரம் இப்படியே ஓடியது.

எட்டாம் நாள் மழை. சாதாரண மழை இல்லை, தெரு விளக்குகூடத் தெரியாத மழை. குழந்தைக்கு வேறு சளி. வெளியே போக வழியில்லை.

அந்த வீட்டில் அது போகாத இடம் ஒன்றுதான், சமையலறை. தள்ளுவண்டியோடு பாப்பாவை அங்கே கொண்டுபோனார். கதவைச் சாத்தித் தாழ்ப்பாள் போட்டார். விளக்கையும் உள்ளே கொண்டுவந்து, ஸ்விட்சைக் கதவின் உள்பக்கம் ஒட்டிப் போட்டார். எரியாது என்பதைக் கண்ணால் பார்த்துக்கொண்டிருந்தால் தைரியமாக இருக்கும் என்று நினைத்தாராம். மேலே சமையலறை பல்பு எரிந்தது. பாப்பா பாட்டிலைச் சப்பிக்கொண்டிருந்தாள்.

6:40. மழைச் சத்தம் மட்டும்.

6:43.

6:46. இந்நேரம் படுக்கையறை வாசலுக்குப் போயிருக்கும் என்று நினைத்தார். இங்கே வராது. வராது...

6:48. தாழ்ப்பாள் அசையவில்லை. கதவு திறக்கவில்லை.

"டக்."

விளக்கு எரிந்தது. கதவுக்கு உள்பக்கம்.

அவருக்கு அப்போதுதான் புரிந்தது. அங்கே தேடிவிட்டுத்தான் இங்கே வந்திருக்கிறது. ஒரு நாளும் படுக்கையறைக்காகப் போகவில்லை. பாப்பா இருக்கும் இடத்துக்குத்தான் வருகிறது.

ஸ்விட்சைப் பார்த்தார். காலை எடுத்தால் பொத்தான் மேலே வந்துவிடும்.

பொத்தான் மேலே வரவில்லை.

அமுங்கியே இருந்தது...

பாப்பா பாட்டிலை விட்டாள். தலையை நிமிர்த்தி மேலே பார்த்தாள். ஒரு ஆள் நின்றால் முகம் எங்கே இருக்குமோ, அங்கே.

இரண்டு கையையும் தூக்கினாள்.

தூக்கச் சொல்லி.

பொத்தான் மெல்ல மேலே வந்தது.

கால் எடுத்தாயிற்று.

அப்படியென்றால்... அடுத்த அடி.

குழந்தையை எப்படிப் பிடுங்கினார், தாழ்ப்பாளை எப்படித் திறந்தார் என்று அவருக்கு நினைவில்லை. கதவுக்கும் அவருக்கும் நடுவில் இருந்த அந்த இரண்டடியைக் கடந்தபோது ஒரு பக்கம் தோள் ஜில்லென்று ஆனது மட்டும் நினைவிருக்கிறது. செருப்புகூடப் போடாமல் மூன்று மாடியும் இறங்கினார்.

இரவு தங்கை வந்தபோது இரண்டு பேரும் கீழே மருந்துக் கடையில் உட்கார்ந்திருந்தார்கள். கடைக்காரர் கொடுத்த துண்டில் பாப்பா சுருண்டு தூங்கிக்கொண்டிருந்தாள். மாப்பிள்ளை எல்லாவற்றையும் சொன்னார். திட்டுவாள் என்று எதிர்பார்த்தார். அவள் திட்டவில்லை. "இத்தனை நாள் இதோட தனியா இருந்தீங்களா?" என்று மட்டும் கேட்டுவிட்டு அழுதாள்.

விளக்கில்தான் ஏதோ இருக்கிறது என்றாள் தங்கை. வீட்டில்தான் என்றார் மாப்பிள்ளை. வீட்டுக்காரரைக் கேட்டால், கட்டின நாளிலிருந்து அங்கே ஒரு கெட்டது நடந்ததில்லை என்று அடித்துச் சொன்னார். எதற்கு வம்பு என்று இரண்டையும் கைகழுவினார்கள். விளக்கைக் குப்பைத் தொட்டி ஓரம் வைத்தார்கள். ஊரின் மறுபக்கம் வேறு வீடு பார்த்துப் போனார்கள். மூன்று மாதம் ஒரு தொந்தரவும் இல்லை. மாப்பிள்ளைக்குப் பழையபடி தூக்கம் வந்தது. பாப்பா தவழ ஆரம்பித்தாள். நானே போய்ப் பார்த்துவிட்டு வந்தேன், வீடு கலகலப்பாக இருந்தது.

அப்போதுதான் ஒரு நாள் டெய்லர் அக்கா குழந்தையைப் பார்க்க வந்தார். பாப்பா பிறந்தபோது இவர்கள் குடியிருந்த முதல் வீட்டில், கீழ்த்தளத்தில் தையல் கடை வைத்திருப்பவர். பாப்பாவுக்கு ஒரு கவுன் தைத்துக் கொண்டுவந்திருந்தார். பழைய கதையெல்லாம் பேசினார்கள். பேச்சோடு பேச்சாக, "உன் மாமனார் சௌக்கியமா? இங்கேயும் தினம் வந்துடுறாரா?" என்று கேட்டார்.

தங்கைக்குப் புரியவில்லை. மாமனார் வெளியூரில் இருக்கிறார், அந்தப் பழைய வீட்டுக்கு ஒரு தடவைகூட வந்ததில்லையே என்றாள்.

டெய்லர் அக்கா சிரித்தார். "அப்ப தினம் சாயங்காலம் மாடி ஏறினது யாரு? நான் மெஷினை மூடுற நேரம், ஆறரைக்கு மேல. பாப்பாவை ஆஸ்பத்திரிலேருந்து கூட்டிட்டு வந்தீங்கல்ல, அன்னைக்குத்தான் முதல்ல கேட்டேன். பேத்தியைப் பார்க்க வர்றாருன்னு நினைச்சேன். நீங்க காலி பண்ணின நாளோட சத்தமும் நின்னுபோச்சு."

மாப்பிள்ளை என் தங்கையைப் பார்த்தார். அவள் பாப்பாவை இழுத்து மடியில் வைத்துக்கொண்டாள். விளக்கும் இல்லை, அந்த வீடும் இல்லை. மூன்று மாதமாக நிம்மதியாக இருந்தது, அது போய்விட்டதால் அல்ல. வருவதைக் காட்டிக்கொடுக்க விளக்கு இல்லாததால்.

அவர் எப்படி இருப்பார், முகத்தைப் பார்த்தீர்களா என்று மாப்பிள்ளை கேட்டார்.

டெய்லர் அக்கா இல்லை என்று தலையசைத்தார்.

"பார்த்ததில்லப்பா. சத்தம் மட்டும்தான். ஒவ்வொரு படியா, நின்னு நின்னு ஏறுவாரு. ஏறுறதுதான் கேக்கும்... இறங்கிப் போறதை நான் ஒரு நாளும் கேட்டதில்ல."