ஞாயிற்றுக்கிழமை மருந்து

கோமளாவைப் பற்றி எழுத உட்கார்ந்தாலே எனக்குப் பற்றிக்கொண்டு வருகிறது. அவள் மேல் இல்லை, அவளை நாயாய் அலையவிட்டவர்கள் மேல்.

ஆத்தூர்ப் பக்கத்திலிருந்து கல்யாணமாகித் தில்லிக்கு வந்தவள். திரிலோக்புரியில் ஒற்றை அறை வீடு. புருஷன் குழந்தைசாமி கட்டட வேலைக்குப் போகிறான். இவள் மயூர் விஹார் ஃப்ளாட்டுகளில் வீட்டு வேலை செய்கிறாள். ஒரே மகள் மது, மூன்றாம் வகுப்பு. யமுனைக் கரையில் காலிஃப்ளவர் வயல்களை ஒட்டி நிற்கிற இந்திப் பள்ளியில் படிக்கிறாள். ஞாயிறு காலையில் அதே கட்டடத்தில் எங்கள் தமிழ் வகுப்பு நடக்கும். வாரம் முழுக்க நொய்டாவில் வங்கி வேலை பார்க்கும் நான், அன்று மட்டும் அங்கே டீச்சர். அறையைத் திறந்து கூட்டிப் பெருக்கி வைப்பது கோமளா. யாரும் சொல்லாமல் அவளாக எடுத்துக்கொண்ட வேலை அது.

பள்ளிச் சுவரைத் தாண்டினால் வயல். பூச்சி மருந்து அடிக்கிற ஆள் பனி காய்ந்ததும் முதுகில் டேங்கை மாட்டிக்கொண்டு இறங்குவான். பிள்ளைகள் பிரார்த்தனைக்கு வரிசையில் நிற்பதும் அந்த நேரத்தில்தான். கண் எரியும், தொண்டை கமறும். மதுவுக்கு ஏற்கெனவே வீஸிங். மருந்தடித்த நாளெல்லாம் அவளுக்கு மூச்சு இழுத்தது.

"ஊர்ல மருந்தடிச்ச காட்டுப் பக்கம் கோழியக்கூட விடமாட்டோம். இங்க புள்ளைங்கள வரிசையா நிக்க வெச்சில்ல அடிக்கறானுங்க டீச்சர்" என்றாள் கோமளா.

ஹெட்மாஸ்டரிடம் போனாள். ஜன்னலைச் சாத்திக்கொள்ளச் சொல்கிறேன் என்றார் அந்த மகானுபாவர். நிலத்துக்காரரிடம் போனாள். பள்ளிக்கூடம் நேற்று வந்தது, என் வயல் அதற்கு முன்பே இருக்கிறது என்றார். அரசு அலுவலகத்தில் ஒவ்வொரு ஜன்னலும் அடுத்த ஜன்னலைக் கைகாட்டியது. அவள் விடவில்லை. மற்ற அம்மாக்களையும் கூட்டிக்கொண்டு திரும்பத் திரும்பப் போனாள். லீவு போட்டதற்காக இரண்டு வீடுகளில் அவளை வேலையைவிட்டு நிறுத்தினார்கள். பிள்ளை மூச்சுவிட வேண்டும் என்று கேட்டதற்கு இந்த ஊர் கொடுத்த பரிசு!

கடைசியில் எங்கள் தமிழ் வகுப்புக் கமிட்டித் தலைவர் வெங்கட்ராமன் மனு எழுதிக் கொடுத்தார். சென்ட்ரல் கவர்ன்மென்டில் அண்டர் செக்ரட்டரியாக இருந்து ஓய்வு பெற்றவர். அவர் இங்கிலீஷுக்கு மரியாதை இருந்தது, ஃபைல் நகர்ந்தது, உத்தரவும் வந்தது. பள்ளி வேலை நாட்களில் சுவரை ஒட்டிய வயல்களில் மருந்தடிக்கத் தடை. வயல் ஓரத்தில் போர்டே நட்டார்கள். கோமளா ஒரு தூக்கு நிறையக் கேசரி கிண்டிக்கொண்டு வந்து எல்லோருக்கும் கொடுத்தாள்.

அடுத்த ஞாயிறு, பாடம் நடந்துகொண்டிருந்தபோது நெடி உள்ளே வந்தது. வாரம் முழுக்க அடிக்க முடியாத மருந்தை நிலத்துக்காரர் அன்று ஒட்டுமொத்தமாக அடிக்கவிட்டிருந்தார். மது வாசித்துக்கொண்டிருந்தவள் பாதியில் நிறுத்தினாள். இருமினாள். உதடு நீலம் பாரித்துவிட்டது. ஆட்டோவில் அள்ளிப் போட்டுக்கொண்டு ஆஸ்பத்திரிக்கு ஓடினோம். முகத்தில் மாஸ்க் வைத்து மருந்துப் புகை கொடுத்த பிறகுதான் மூச்சு சீரானது. கோமளா அழவில்லை.

"நாமதான ஜெயிச்சோம் டீச்சர்?" என்று மட்டும் கேட்டாள்.

வெங்கட்ராமனிடம் போனோம். வேலை நாட்கள் என்று மனுவில் எழுதியவர் அவர்தான்.

"ஆபீஸ்ல அப்படித்தாம்மா எழுதுவா. வொர்க்கிங் டேஸ்னு போட்டாத்தான் ஃபைல் மூவ் ஆகும். கை வழக்கம், எழுதிட்டேன். திருத்தம் கேட்டு இன்னொண்ணு போடலாம், ஆனா டைம் ஆகும்" என்றார்.

ஞாயிறுதோறும் எங்கள் வகுப்பில் முன்பெஞ்சில் உட்கார்ந்து ஃபிளாஸ்க் காபி குடிக்கிற மனிதர்! உத்தியோகம் ஞாபகம் இருந்தது, கூடவே உட்கார்ந்திருந்த பிள்ளைகள் ஞாபகம் இல்லை. என் வாயில் வந்ததை இங்கே எழுத முடியாது.

அலுவலகத்திலும் கேட்டோம். "சண்டே கோ ஸ்கூல் கஹாங் ஹை?" என்று சிரித்தார் அதிகாரி. ஞாயிற்றுக்கிழமை பள்ளிக்கூடம் ஏது என்று அர்த்தம். ஞாயிற்றுக்கிழமை பிள்ளைகளுக்கு நுரையீரலும் இருக்காது போலிருக்கிறது.

அதற்கடுத்த ஞாயிறு கோமளா மதுவைக் குழந்தைசாமியிடம் விட்டுவிட்டு வந்தாள். "நீங்க பாடம் நடத்துங்க டீச்சர். அவன் எப்படி அடிக்கறான்னு நான் பாக்கறேன்" என்று வயலில் இறங்கினாள். மருந்தடிக்கிற ஆளுக்கு நேர் எதிரே போய் நின்றாள். அவன் கூலிக்காரன், குழாயைத் தாழ்த்திவிட்டான். நிலத்துக்காரர் போன் செய்தார். போலீஸ் வந்து போர்டைப் படித்தது. இன்று அடிக்கலாம், தடுப்பதுதான் குற்றம் என்றார்கள். கால்தேய அலைந்து அவள் வாங்கிய உத்தரவைக் காட்டியே அவளை ஜீப்பில் ஏற்றினார்கள்.

ஜீப் கிளம்பியதும் டேங்க் மறுபடி சீறியது. நான் பிள்ளைகளை வெளியே ஓட்டினேன். எங்கே போவது என்று யோசிக்கவே இல்லை. நேராக போலீஸ் ஸ்டேஷனுக்கு நடத்திக் கூட்டிப்போய் வராந்தாவில் உட்காரவைத்து, விட்ட இடத்திலிருந்து பாடத்தை ஆரம்பித்தேன். கொஞ்ச நேரத்தில் குழந்தைசாமி மதுவைத் தூக்கிக்கொண்டு வந்தான்.

இன்ஸ்பெக்டர் வெளியே வந்தார். "யே கோயி ஸ்கூல் ஹை?" என்று கத்தினார். இதென்ன பள்ளிக்கூடமா என்கிறார்.

"இல்லைங்க. இன்னைக்கு ஞாயித்துக்கிழமை. ஸ்கூலே கிடையாதுன்னு சர்க்கார் ஆபீஸ்லயே சொல்லிட்டாங்க" என்று உள்ளே பெஞ்சிலிருந்து கோமளா இந்தியில் பதில் சொன்னாள். ஒரு கான்ஸ்டபிள் சிரித்துவிட்டு வாயைப் பொத்திக்கொண்டான்.

இன்ஸ்பெக்டரின் குரல் இறங்கியது. வழக்கு ஒன்றும் போடவில்லை, பிள்ளைகளைக் கூட்டிக்கொண்டு கிளம்பு என்றார்.

கோமளா எழுந்து வந்து மதுவின் பக்கத்தில் தரையில் உட்கார்ந்தாள். "எங்க கூட்டிட்டுப் போறது? மருந்து வராத இடமா ஒண்ணு சொல்லுங்க, இப்பவே போறோம்" என்றாள்.

அவர் வாசலைப் பார்த்தார், பிறகு எங்களைப் பார்த்தார். நாங்கள் எழுந்திருக்கவில்லை.