வட்டக்கோட்டையில் சொன்ன பதில்

பூங்கனி அக்கா இப்போது யாருடைய காரிலும் ஏறுவதில்லை. சர்ச் வாசலில் போதகரே கதவைத் திறந்துவிட்டாலும் "நடந்துருவேன்" என்பாள். தக்கலைக்குப் போவதென்றால் பஸ்தான். தலைக்கனம் பிடித்தவள் என்று ஊர் சொல்கிறது. ஊருக்கு என்ன தெரியும்? அன்றைக்கு அந்தக் காரில் நானும் இருந்தேன்.

அக்கா கல்யாணம் செய்துகொள்ளவில்லை. தம்பி செல்வதாஸின் வீட்டில் பின்பக்க அறை ஒன்றும், தொழுவத்தில் ஒரு பசுவும்தான் அவளுக்கு. பசுவின் பெயர் செவலை. பிறந்த மூன்றாம் நாளே தாயை இழந்த கன்று. அக்கா பாட்டிலில் பால் புகட்டி வளர்த்தாள். பக்கத்து வீடான எங்கள் வீட்டையும் சேர்த்து ஐந்து வீடுகளுக்கு அதன் பால். வேறு யாராவது கயிற்றைப் பிடித்தால் நாலு காலையும் ஊன்றிக்கொண்டு நிற்கும். செல்வதாஸின் மனைவி பெபிஷாவை இரண்டு முறை முட்டப் பார்த்திருக்கிறது. எனக்கு அதில் வருத்தமில்லை.

2011-இல் செல்வதாஸ் துபாய் வேலையை விட்டு வந்து கார் வாங்கினான். அதை நிறுத்தத் தொழுவம் இருக்கும் இடம்தான் வேண்டுமாம். பசுவை விற்கச் சொல்லி ஒரு வருஷம் நச்சரித்தான். "நான் செத்த பொறவு வில்லு" என்று அக்கா பேச்சை முடித்துவிடுவாள். பிறகு திடீரென்று அந்தப் பேச்சே நின்றது. ஒரு சனிக்கிழமை காலையில், "வட்டக்கோட்டைக்குப் போவோம்க்கா. நீ பாத்ததே இல்லையே" என்றான். பெபிஷாவுக்குத் தலைவலி, வரவில்லை. காரில் இடம் இருந்ததால் என்னையும் கூப்பிட்டார்கள். ஓசிக் கார் என்றதும் நானும் தலையை வாரிக்கொண்டு ஏறி உட்கார்ந்தேன்.

அக்கா பெட்டியிலிருந்த பட்டுச்சீலையை எடுத்து உடுத்தியிருந்தாள். வழியெல்லாம் சிரிப்பு. கோட்டைக்குள் படிக்குப் பதிலாக ஒரு கல் சரிவு மேலே போகிறது. "இதுல நம்ம செவல கூட ஏறும், என்னா லீமா?" என்றாள். மேலே காற்று ஆளைத் தள்ளியது. ஒரு பக்கம் கடல், திரும்பினால் மலையும் காற்றாலைகளும். அக்கா மதிலைப் பிடித்துக்கொண்டு, "எனக்க தம்பி கொண்டுவந்து காட்டிட்டான் பாத்தியா" என்று மூன்று தடவை சொன்னாள்.

செல்வதாஸுக்கோ போன் வந்துகொண்டே இருந்தது. ஓரமாகப் போய்ப் பேசிவிட்டு வந்தவன், கடலைப் பொட்டலத்தை அக்காவிடம் நீட்டியபடி கேட்டான்.

"ஏங்க்கா, செவலைக்கு உன்ன மட்டும் எப்பிடித் தெரியுது? சத்தத்துலயா?"

அவன் அதைப் பெயர் சொல்லிப் பேசியது அதுதான் முதல் தடவை. அக்காவின் முகம் மலர்ந்துவிட்டது.

"சத்தம் இல்ல மக்கா, மணம். தொழுவத்துல கெடக்குல்லா எனக்க பழைய நீலச் சீல, அத உடுத்துட்டுப் போனா யாரு கூடயும் வந்துரும். நான் ஆஸ்பத்திரில கெடந்தப்போ லீமா அத உடுத்துதானே பால் கறந்தா. கேட்டுப் பாரு."

"ஆமா" என்றேன். என் வாயில் மண் விழ.

"நல்ல அறிவுதான்" என்று சொல்லிவிட்டு, செல்வதாஸ் மறுபடி போனோடு மதில் ஓரம் போனான்.

சாயங்காலம் வீடு திரும்பியபோது தொழுவம் காலியாக, கழுவிவிடப்பட்டுக் கிடந்தது. முற்றத்து மண்ணில் லாரிச் சக்கரத் தடம். தலைவலி தீர்ந்த பெபிஷா டீ போட்டுக்கொண்டிருந்தாள்.

"நல்ல எடத்துக்குத்தாங்க்கா குடுத்துருக்கோம். காலைலேருந்து வண்டில ஏறமாட்டேன்னு ஒரே அழிச்சாட்டியம். பொறவு அடங்கி வந்துட்டு."

நீலச்சீலை கொடியில் தொங்கியது. சோப்புப் போட்டு அலசியிருந்தாள்.

நான் வாய்க்கு வந்தபடி செல்வதாஸைத் திட்டினேன். அக்கா கொடியருகே போய் ஈரச் சீலையை முகத்தில் வைத்து முகர்ந்தாள். சோப்பு மணம்தான் வந்திருக்கும். பிறகு என்னிடம் சொன்னாள்.

"நான் கூப்பிடுகேன்னு நெனச்சுல்லா ஏறியிருக்கும், லீமா."